மலைக்குப் போக பேக் வாங்கணுமா, வண்ணார்பேட்டை அண்ணாச்சி கடைய ஒரு எட்டு பாருங்க

திருநெல்வேலி வண்ணார்பேட்டைல ஒரு சந்துக்குள்ள இருக்கு இந்த பேக் கடை. வெளிய ஸ்கூல் பேக்கும் டிராலியும்தான் தொங்கும், உள்ள போனாத்தான் மலையேற ரக்சாக் வச்சிருக்கது தெரியும். போர்டு வெயில்ல வெளுத்துப் போச்சு, அண்ணாச்சி கடைன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ.

நானும் எங்க வீட்டுக்காரவுகளும் அகத்தியர் மலைக்குப் போறோம். நம்ம தாமிரபரணி பொறக்குற பொதிகைதான், ஆனா ஏறணும்னா கேரளா பக்கம் சுத்திப் போயி போனக்காட்டுலேருந்து ஏறணும், நடுவுல அதிருமலை கேம்ப்ல ராத்தங்கணும், உச்சி 1868 மீட்டர். ஹைகோர்ட் சொன்ன பெறவு 2019-லதான் பொம்பளைங்களையும் விட ஆரம்பிச்சாவ, அதனால எனக்கு இது சும்மா டூர் இல்ல. மலையேற ஃபாரஸ்ட்காரங்க பாஸ் கெடச்சதுலேருந்து வீட்ல நடக்க எடமில்ல, கட்டில்ல ஒரு குமி, டைனிங் டேபிள்ல ஒரு குமி, இவுக ராத்திரி லைட்ட அணைச்சிட்டு ஹெட்லைட்ட நெத்தில மாட்டிக்கிட்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து பாக்காவ, அத்தை பயந்து எந்திரிச்சிட்டாவ.

சரி கடைக்கு வருவோம். இவுக போனவுடனே “அண்ணாச்சி 60 லிட்டர் ஒண்ணு எடுங்க”ன்னாவ, பேக்ல எவ்வளவு கொள்ளும்னு லிட்டர்லதான் சொல்லுவாவ. “லிட்டர் கெடக்கட்டும், மொதல்ல முதுக அளக்கணும்”னு சொல்லிட்டு இஞ்ச் டேப்ப எடுத்துட்டாரு. எனக்கு அளந்தது கல்லால இருந்த அவர் வீட்டு அக்கா. பொடதில துருத்திக்கிட்டு நிக்க எலும்புலேருந்து இடுப்பெலும்பு மேல்விளிம்பு வரைக்கும். நான் இவுக தோளுக்குத்தான் இருப்பேன் ஆனா முதுகு நீளம் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதக் கேட்டு இவுக முகம் போன போக்க பாக்கணுமே!

அளந்து முடிச்சதும் பேக்குக்குள்ள மணல் மூட்டைய வச்சி மாடிப்படி ஏறி எறங்கச் சொன்னாரு. இடுப்பு பெல்ட்ட மொதல்ல இறுக்கணும், பெறவுதான் தோள் பட்டை, தோள்லயே பாரம் தெரிஞ்சா அந்த பேக் ஒங்களுக்கு இல்ல. ஆன்லைன்ல வாங்கிருந்தா இது நடக்குமா சொல்லுங்க. கடைசில எனக்கு 40, இவுகளுக்கு 50, அதுக்கு மேல தர மாட்டேன்னுட்டாரு, எடம் இருந்தா எதையாவது திணிப்பீங்கன்னு.

அது உண்மைதான். இவுக சொந்த ஊரு பத்தமடை, கோரைப் பாய எடுத்துட்டு வருவேன்னு ஒரே பிடிவாதம். பட்டுப்பாயா இருந்தா மடிச்சி வைக்கலாம், இவுக வீட்ல கெடக்கது தடிச்ச பாயி. அண்ணாச்சி ஃபோம் மேட்ட காட்டி “தரைக் குளிரு ஏறாது, வெளிய கட்டிக்கலாம்”னு மெதுவா பேசி முடிச்சிட்டாரு. அடுத்தது அல்வா. நெய் வழிஞ்சி ஸ்லீப்பிங் பேக்ல எறங்கினா காட்டுல எங்க போயி அலச? அத ரயில்லயே தின்னு முடிச்சிரணும்னு ஒப்பந்தம், மலைக்கு கருப்பட்டியும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் போதும்.

அடுக்குற முறையும் அவரே சொல்லித் தந்தாரு. ஸ்லீப்பிங் பேக் அடில, கனமான சாமான் நடுவுல முதுக ஒட்டி, மழைக்கோட்டு எல்லாத்துக்கும் மேல. ரெய்ன் கவர் போட்டாலும் முதுகுப் பக்கமா தண்ணி உள்ள போயிரும், அங்கன பிளாஸ்டிக்கும் கூடாதுங்கதால மழைக்கோட்டு துணில தச்ச உறை ஒண்ணு தந்தாரு, துணிமணி எல்லாம் அதுக்குள்ள.

கொறையும் இருக்கு. ரெய்ன் கவருக்குத் தனி துட்டு. மலிவு பேக்ல ஜிப் துணியப் புடிச்சி இழுக்கு, அத வாங்காதீங்க. அட்டைப்பூச்சிக்குப் போடுற சாக்ஸ் இல்ல, கேட்டா உப்பத் துணில முடிஞ்சி வச்சிக்கோங்கன்னு சொல்லுதாரு. பில்லு நாமளா கேக்கணும், பேரம் பேசினா சிரிச்சிக்கிட்டே உள்ள போயிருவாரு.

ஞாயித்துக்கிழமை கடை இல்ல. சாயங்காலம் ஸ்கூல் பிள்ளைய கூட்டம், காலைல பதினோரு மணி வாக்குல போங்க, கூட வாரவங்களையும் கூட்டிட்டுப் போங்க, ஆள் வராம அளவு பாக்காம பேக் தர மாட்டாரு.