தொடக்கநிலை ஜெர்மன்: பல்கலைக்கழக வகுப்பா, பயிற்சி நிலையமா, செயலியா?

ஜெர்மன் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த வழியில் சீக்கிரம் முடியும் என்பதைத்தான். வேறொரு கேள்வியை முதலில் கேளுங்கள் என்பேன்: என் தவறை யார் திருத்துவார்கள், எப்போது திருத்துவார்கள்? தொடக்கநிலையில் தவறு வருவது இயல்பு. அது அடுத்த வாரமே பிடிபடுகிறதா, ஆறு மாதம் நாக்கில் ஊறிப்போன பிறகு பிடிபடுகிறதா என்பதுதான் பெரிய வித்தியாசம். பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடமாக எடுக்கும் வகுப்பு, தேர்வை முன்வைத்து நடக்கும் பயிற்சி நிலையம், கைபேசிச் செயலி ஆகிய மூன்றும் இந்த ஒரு விஷயத்தில்தான் உண்மையாகவே வேறுபடுகின்றன.

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். மொழித்திறனை அளக்கும், தொடக்கநிலையான ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகள் ஐரோப்பா கவுன்சில் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தில் உள்ளவை. ஏ1 முடிக்க 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை தேவைப்படும் என்கிறது ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனம். பல்கலைக்கழகத்தில் வாரத்துக்கு நான்கு பாடவேளை, பருவத்துக்கு 15 வாரம் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 60தான். ஆகவே முதல் பருவத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் ஏ1 முடிந்துவிட்டதாகப் பொருள் இல்லை. இரண்டாம் பருவமும் வேண்டும். பயிற்சி நிலையத்தில் நாளுக்கு ஐந்து பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள் என்று தீவிரமாக நடத்தினால் நான்கே வாரத்தில் 100 பாடவேளை ஆகிவிடும். வேகத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் அந்த மந்தமான வேகத்தில்தான் பல்கலைக்கழக வகுப்பின் பலமும் இருக்கிறது. தன் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னால் ஏறக்குறைய எல்லா மாணவர்களும் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: 'இஷ் ஹாபெ ஐன் ப்ரூடர்', எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். ஆசிரியர் சிவப்பு மையில் 'ஐன்' என்பதை அடித்து 'ஐனென்' என்று திருத்துகிறார். 'ஹாபென்' என்ற வினைச்சொல் இரண்டாம் வேற்றுமையைக் கேட்கும், அதனால் சொல்லின் ஈறு மாறுகிறது என்று ஓரத்தில் எழுதுகிறார். அடுத்த வாரம் அதே மாணவர் அக்காவைப் பற்றி எழுதும்போது, கற்ற விதியை ஆர்வத்தோடு நீட்டி 'ஐனென் ஷ்வெஸ்டர்' என்று எழுதுகிறார். மறுபடியும் சிவப்பு மை: ஆண்பாலில் மட்டும்தான் இந்த மாற்றம், பெண்பாலில் 'ஐனெ' அப்படியே நிற்கும். இரண்டு தாள்களுக்கு இடையே இருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் வேற்றுமை மனத்தில் இறங்குகிறது. ஒரு விதியைக் கற்பது, தவறான இடத்தில் போடுவது, அதன் எல்லையை உணர்வது என்று மூன்று படிகளுக்கும் இங்கே அவகாசம் இருக்கிறது. தீவிர வகுப்பில் அந்த அடுத்த வாரம் வருவதற்குள் மூன்று பாடங்கள் ஓடியிருக்கும்.

பால் விஷயத்திலும் இப்படித்தான். தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. ஜெர்மனில் சொல்லோடு ஒட்டி வருகிறது. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் அல்லாத மூன்றாம் பால். 'மேட்ஷென்', அதாவது சிறுமி, அதுவும் மூன்றாம் பால் என்று கேட்டதும் பலருக்கு எரிச்சல் வரும். '-ஷென்' என்ற சிறுமை விகுதியில் முடியும் சொற்களெல்லாம் மூன்றாம் பால், '-உங்', '-ஹைட்', '-கைட்' என்ற விகுதிகளில் முடிபவை பெண்பால் என்று ஓர் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்காட்டினால் அந்த எரிச்சல் பாதி தணிந்துவிடும். ஏன் என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்லும் பொறுமை மூன்று வழிகளில் இங்கேதான் அதிகம்.

தமிழ் பேசுபவர்கள் வகுப்புக்குள் ஒரு சொத்தோடு நுழைகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஆங்கில வழியாகப் பாடம் நடப்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. 'மிர் இஸ்ட் கால்ட்' என்பது 'எனக்குக் குளிர்கிறது' என்ற அமைப்பேதான். இரண்டிலும் நான்காம் வேற்றுமை. 'எஸ் கெஃபெல்ட் மிர்' என்பது 'எனக்குப் பிடித்திருக்கிறது'. 'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் அங்கே திணறுவார். நமக்கு வினை கடைசியில் வருவதுதான் இயல்பு. பள்ளியில் எட்டு வேற்றுமை படித்தவருக்கு ஜெர்மனின் நான்கு வேற்றுமை பயப்படும் அளவுக்கு இல்லை. இந்த ஒப்புமைகளை நோட்டின் ஓரத்தில் தமிழிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள், மிகவும் உதவும்.

பல்கலைக்கழக வகுப்பு கோட்டைவிடுவது பேச்சில். 30 பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் 45 நிமிடத்தையும் மாணவர்களுக்கே கொடுத்தாலும் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான். இருவர் இருவராகப் பேசவிட்டால் நேரம் கூடும். ஆனால் ஒருவர் தவறு மற்றவருக்கும் தொற்றும், திருத்த ஆளிருக்காது. எழுத்துத் தேர்வில் முதலிடம் பெற்றவர் ரயில் நிலையத்தில் நடைமேடை எண் கேட்கத் தடுமாறுவதற்கு இதுதான் காரணம்.

பயிற்சி நிலையம் இங்கே பல படி மேலே நிற்கிறது. எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனில் 47 என்பதை 'ஸீபென்-உண்ட்-ஃபியர்ட்ஸிஷ்' என்பார்கள்: ஏழும் நாற்பதும். ஒருவர் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்லிக்கொண்டே போனால், புதிதாகக் கற்பவர் முதலில் 7 எழுதி, அதற்கு இடப்பக்கம் 4 எழுதுவதற்குள் அடுத்த ஜோடி ஓடிவிடும். பல்கலைக்கழகத்தில் எண்கள் ஒரு பாடத்தோடு முடிந்துவிடும். பயிற்சி நிலையத்தில் தினமும் காதில் விழும், ஏனென்றால் தேர்வின் கேட்டல் பகுதியில் விலையும் நேரமும் தொலைபேசி எண்ணும் வந்தே தீரும். கோத்தேயின் ஏ1 தேர்வில் கேட்டல் 20 நிமிடம், வாசித்தல் 25, எழுதுதல் 20. பிறகு குழுவாக அமர்ந்து ஏறக்குறைய 15 நிமிடம் பேச வேண்டும். தேர்ச்சிக்கு 100க்கு 60. இந்த அச்சில் வார்த்தெடுப்பதுதான் பயிற்சி நிலையத்தின் வேலை, அதை நன்றாகவே செய்கிறது.

குறையும் அதே இடத்தில்தான். எழுதுதல் பகுதியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், சுமார் 30 சொற்களில் ஒரு சிறு செய்தி எழுத வேண்டும். அதற்கு மூன்று நான்கு மாதிரிகளை மனப்பாடம் செய்தால் போதும் என்ற நிலை எளிதில் வந்துவிடுகிறது. அப்படித் தேறியவர் ஏ2 வகுப்பில் சொந்தமாக ஒரு பத்தி எழுத முயலும்போது 'ஐன்', 'ஐனென்' குழப்பம் முதலிலிருந்து தொடங்கும். அந்த இடத்தில் மனம் உடைந்து ஜெர்மனையே விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்கு அறிவு போதாமல் இல்லை. அடித்தளத்துக்கு நேரம் தரப்படவில்லை.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ1க்குத் தேவையான சுமார் 650 சொற்களை மறக்காமல் வைத்திருக்க அதைவிட நல்ல துணை இல்லை. சொல்லைப் பாலோடு சேர்த்தே, 'டேர் டிஷ்' (மேசை, ஆண்பால்), 'டீ லாம்பெ' (விளக்கு, பெண்பால்) என்று ஒலியாகவே மனத்தில் பதிக்கும். ஆனால் சொற்கட்டைகளைத் தொட்டு வாக்கியம் அமைக்கும் பயிற்சியில் 'ஐனென்' ஏற்கெனவே திரையில் இருக்கிறது. நீங்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், உருவாக்குவதில்லை. வெள்ளைத் தாளை முன்னால் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். காதுப் பழக்கத்துக்கு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே இலவசமாகத் தரும் வீடியோ பாடங்களை இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எதை எடுப்பது? ஜெர்மனியில் இருக்கும் கணவர் அல்லது மனைவியோடு சேர விசாவுக்கு விண்ணப்பிப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பயிற்சி நிலையம்தான். 2007 முதல் அதற்குப் பொதுவாக ஏ1 சான்று கேட்கிறார்கள். கோத்தே, டெல்க், ஆஸ்திரியாவின் ஓஎஸ்டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வுகளின் சான்றிதழ்தான் அங்கே செல்லும்; பருவத் தேர்வு மதிப்பெண் பட்டியலை அதற்குப் பதிலாக நம்பிப் போகக் கூடாது. இரண்டு பருவம் கையில் இருக்கும் மாணவர் தயங்காமல் பல்கலைக்கழக வகுப்பில் சேரலாம், தினமும் பத்து நிமிடம் செயலியோடு. பிறகு சான்றிதழ் தேவைப்பட்டால் தேர்வுக்கு முன் சில வாரங்கள் மட்டும் பயிற்சி நிலையத்துக்குப் போனால் போதும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மனப்பாடம் செய்ததை முதலில் கலைக்க வேண்டியிருக்கும், அது இரட்டை வேலை.

சேர்வதற்கு முன் மூன்று விவரங்களை மட்டும் விசாரித்துவிடுங்கள். வகுப்பில் எத்தனை பேர்? பருவ முடிவில் பாடம் ஏ1இன் பாதியில் நிற்குமா, முழுமையாக முடியுமா? வாரந்தோறும் மாணவர் எழுதியதை ஆசிரியர் வாங்கித் திருத்துகிறாரா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தால் நான் மேலே பல்கலைக்கழக வகுப்புக்குச் சொன்ன சாதகங்கள் அந்த வகுப்புக்குப் பொருந்தாது. அப்போது பயிற்சி நிலையத்தில் தீவிரமில்லாத, மாலை நேர வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.