நெஞ்சு எக்ஸ்ரே நன்றாக இருந்தால் டிபி இல்லை என்பார்கள், நம்பிவிடாதீர்கள்

என் தங்கைக்கு நடந்தது இது. ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை. வலது அடிவயிற்றில் விட்டு விட்டு வலி, சாயங்காலம் ஆனால் லேசான காய்ச்சல், எடை இறங்கிக்கொண்டே போனது. டிபியாக இருக்குமோ என்று நாங்களே கேட்டோம். எக்ஸ்ரே சுத்தம், இருமலும் இல்லை, அப்புறம் ஏது டிபி என்று சிரித்துவிட்டார் டாக்டர். வயிற்று டிபி வந்த பலருக்கு நுரையீரலில் ஒன்றுமே தெரியாது என்பது ஒரு குடல் டாக்டருக்குத் தெரியாதா என்ன?

அதோடு விட்டாரா, உறுதி செய்துகொள்ள என்று ரத்தத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் ஒன்று எடுக்கச் சொன்னார். நெகட்டிவ் என்று வந்ததும் டிபி பேச்சே முடிந்தது. டிபியைக் கண்டுபிடிக்க இந்த வகை டெஸ்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2011லேயே சொல்லிவிட்டது. அதை வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. காசு மட்டும் போகும்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண் தெரிந்தது. டிபி அதிகம் பிடிக்கும் இடம் அதுதான், குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் க்ரோன்ஸ் நோயும் அங்கேதான் அதிகம் வரும், பார்வைக்கு இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அப்படியிருக்க, எடுத்த சதையில் கொஞ்சத்தையாவது கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்டுக்கு, அனுப்ப வேண்டாமா? மொத்தத்தையும் சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள், அதில் விழுந்தால் கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சரில் என்ன வளரும். ரிப்போர்ட்டில் கிரானுலோமா (அழற்சி செல்கள் திரண்ட சிறு முடிச்சு) என்று வந்தது. இரண்டு நோயிலும் வரக்கூடியதுதான், ஆனால் இவர்கள் க்ரோன்ஸ் என்று முடிவுகட்டி ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். முதலில் வலி குறைந்து பசிகூட எடுத்தது. பிறகு காய்ச்சல் ஏறி வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. உள்ளே டிபியை வைத்துக்கொண்டு எதிர்ப்பு சக்தியை அடக்கினால் வேறென்ன ஆகும்!

வேறு டாக்டரிடம் போனோம். அவர் அந்த நீரை எடுத்து, டிபி இருந்தால் அதில் கூடும் ஏடிஏ என்ற என்சைமைப் பார்த்தார், மிக அதிகம். மறுபடி பயாப்ஸி எடுத்து இந்த முறை ஒரு பகுதியை, கிருமியைக் கொல்லாத உப்பு நீரான சலைனில் போட்டு கல்ச்சருக்கு அனுப்பினார். கல்ச்சர் வளர வாரக்கணக்கில் ஆகும், அதற்காகக் காத்திருக்காமல் டிபி மருந்தை ஆரம்பித்தார், பின்னால் கல்ச்சரும் டிபி என்றே வந்தது. மொத்தம் 6 மாத மருந்து, இப்போது பாதி தாண்டியாயிற்று, எடை ஏறுகிறது.

பழைய இடத்தில் போய்க் கேட்டால், டெஸ்ட் நெகட்டிவ்தானே என்று அதே காகிதத்தை நீட்டுகிறார்கள். கொலோனோஸ்கோபிக்குப் போகிறவர்கள் மயக்க மருந்து போடும் முன்பே கேட்டுவிடுங்கள், டிபி கல்ச்சருக்குத் தனியாக சலைனில் அனுப்புவீர்களா என்று. டிபியா இல்லையா என்பது முடிவாகாமல் ஸ்டீராய்டு எழுதினால் டாக்டரை அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள்.