ராணுவ உணவுப் பெட்டி வாங்குகிறவர்கள் அந்த நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்

ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். ஜூன் பிறந்தால் புயல் பயம் வந்துவிடும். கூடவே "வருடக்கணக்கில் கெடாத ராணுவ உணவு" என்கிற விளம்பரமும் வந்துவிடும். அதை நம்பி 260 டாலர் கொடுத்து, அவசரத்துக்கு உதவாத பெட்டிகளை வீட்டில் வைத்திருந்தேன்.

2024 மார்ச்சில் ஆன்லைனில் வாங்கியது. அமெரிக்க ராணுவ வீரர்களுக்குக் கொடுக்கும் எம்ஆர்இ, அதாவது சமைக்காமல் பையைப் பிரித்து அப்படியே சாப்பிடும் உணவு. இரண்டு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு சாப்பாடு, ஒவ்வொன்றிலும் சராசரியாக 1,250 கலோரி. 2021 பிப்ரவரிப் பனியில் கரண்ட் இல்லாமல் குழந்தையோடு தவித்த வீடு எங்களுடையது. இனி அப்படி ஆகக்கூடாது என்றுதான் வாங்கினேன். "புதுச் சரக்கு, இந்த வருடம் பேக் செய்தது, பத்து வருடம் தாங்கும்" என்று விற்றவர் எழுதியிருந்தார். வந்ததும் பிரித்துப் பார்க்காமல் கராஜில் மேல் தட்டில் ஏற்றிவிட்டேன்.

ஜூலை 8 அன்று பெரில் புயல் அடித்தது. இந்த வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்களுக்கு ஆறு நாள் இல்லை. வீட்டில் இருப்பது மின் அடுப்பு. இட்லி மாவு, பால், குழம்பு எல்லாம் இரண்டாம் நாளே வீண். மூன்றாம் நாள் காலை பெட்டியை இறக்கினேன்.

முதல் பையைக் கத்தரித்ததும் அம்மாதான் கேட்டார், "என்னப்பா, எண்ணெய் தனியா நிக்குது?" சீஸ் பாக்கெட்டைப் பிதுக்கினால் முதலில் மஞ்சள் எண்ணெய் வடிந்தது, பிறகு பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ வந்தது. பீன்ஸ் இருந்த பாக்கெட் உப்பிப்போய் இருந்தது. உப்பிய பாக்கெட்டை வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. அப்படியே குப்பையில் போட வேண்டியதுதான்.

அப்போதுதான் பாக்கெட்டில் இருந்த எண்ணைக் கவனித்தேன்: 4128. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. அதாவது 4 என்று முடியும் ஓர் ஆண்டின் 128ஆம் நாள், மே மாதத் தொடக்கம். 2024 என்று வைத்தால், மார்ச்சில் என் வீட்டுக்கு வந்த பெட்டி மே மாதம் பேக் ஆகியிருக்க வேண்டும்! ஆக, அது 2014, அல்லது அதற்கும் முந்தையது. குறைந்தது பத்து வருடப் பழசு. ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் பழைய சரக்கைப் புதிது என்று தள்ளிவிடுவது விற்பவர்களுக்குச் சுலபம்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பேக் செய்த தேதி இருக்கும் இடத்தில் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வெப்பத்தைக் காட்டும் வட்ட ஸ்டிக்கர் ஒன்று பெட்டியில் இருக்க வேண்டும். அதன் உள்வட்டம் வெளிவட்டத்தைவிடக் கறுத்துவிட்டால் சரக்கைச் சந்தேகப்பட வேண்டும். அதை உரித்து எடுத்த தடம்தான் மிச்சம்.

எம்ஆர்இக்கு ராணுவம் கேட்கும் ஆயுளே 27 டிகிரி செல்சியஸில் மூன்றரை ஆண்டு, 38 டிகிரியில் ஒன்பதே மாதம். நம்மூர் கராஜ் கோடையில் எத்தனை டிகிரி போகும் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல சரக்காகவே வந்திருந்தாலும் நான் வைத்த இடமும் தப்பு. அது என் கவனக்குறைவு. அதற்கு முன் அந்தப் பெட்டி எந்தக் கிடங்கில் எத்தனை கோடை வெந்ததோ, விற்றவருக்குத்தான் வெளிச்சம்.

பையின் மேலேயே "அரசுச் சொத்து, வணிக மறுவிற்பனை சட்டவிரோதம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. விற்றவரைக் கேட்டதற்கு, ராணுவத்தின் உபரிச் சரக்கு என்றார். பணம் கேட்டபோது, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று ஒரு வரி. அப்புறம் பதிலே இல்லை.

இன்னொன்று. அம்மா சைவம், ரத்த அழுத்தக்காரர். இருபத்துநான்கு வகைச் சாப்பாட்டில் சைவம் நான்குதான். உப்பும் மிக அதிகம், நார்ச்சத்து குறைவு. வெயிலில் ஓடியாடி வேர்க்கும் இளைஞர்களுக்கான கணக்கு அது. கூடவே வரும் சூடேற்றும் பையில் தண்ணீர் விட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கரண்ட் இல்லாத வீட்டில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும், கவனம். நான் அதைச் சாப்பாட்டு மேசையில், எரிகிற மெழுகுவத்திக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். மனைவி பார்த்து வெளியே எடுத்துப் போனாள்.

அந்த வாரம் எங்கள் பசியை ஆற்றியது அவல்தான். தண்ணீரில் ஊறவைத்து வெல்லம் போட்டு ஒரு வேளை, ஊறுகாய் வைத்து ஒரு வேளை. வேர்க்கடலையும் டப்பா கொண்டைக்கடலையும் இருந்தன. இப்போது அவற்றை வீட்டுக்குள், ஏசி படும் அலமாரியில் வைத்து, மாதாமாதம் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதிதாக வாங்கி நிரப்புகிறோம். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன்.

பாக்கெட் உணவுதான் வேண்டும் என்றால், பொதுமக்களுக்கென்றே தேதி போட்டு விற்பதை வாங்குங்கள். ஏற்கெனவே எம்ஆர்இ வாங்கி வைத்திருந்தால் இன்று இரவே ஒரு பையைப் பிரித்து எண்ணைப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பாருங்கள்.