லடாக் போக 38,500 ரூபாய்க்கு வண்டி ரெடி பண்ணினேன், திம்பம் இறக்கத்திலேயே படுத்துவிட்டது

முந்தாநாள் இரவு நடந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நெடுந்தூரம் போக வண்டியைத் தயார் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஷிப்மென்ட் போனால்தான் லீவு என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு வருடமாகக் கெஞ்சி வாங்கிய லீவில், நண்பர்கள் மூன்று பேரோடு மணாலி வழியாக லே போவதாக இருந்தேன். போக மட்டுமே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வழியில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வண்டி நின்றால் கூப்பிட ஆள் கிடையாது. அதனால்தான் வழக்கமான மெக்கானிக்கை விட்டுவிட்டு, கோவையில் அட்வென்ச்சர் வண்டிகளுக்கென்றே இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெயர் போடவில்லை. ரீல்ஸ் போட்டுப் பேர் வாங்கிய கடை.

நான் எங்கே ஏமாந்தேன் என்று இப்போது யோசித்தால் ஒரே ஒரு நிமிடம்தான் கண்முன் நிற்கிறது. கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து, முட்டி போட்டு உட்கார்ந்து செயினைத் தொட்டுப் பார்த்தார். நான் எழுதிக் கொண்டுபோன பட்டியலை வாங்கிப் படித்தார். அதில் ஹேண்டில் ரைசரை (ஹேண்டிலை உயர்த்தி வைக்கும் சாமான்) அடித்துவிட்டு, "இது உங்களுக்கு வேண்டாங்ணா, உங்க உயரத்துக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார். இரண்டாயிரம் ரூபாய் வியாபாரத்தை அவரே வேண்டாம் என்கிறாரே, இவர் நேர்மையானவர் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் சொன்ன எதையும் நான் கேள்வி கேட்கவில்லை. முன்னும் பின்னும் புது டயர், கோன் செட் (ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்), செயின் ஸ்ப்ராக்கெட், ஒரு ஜோடி ஃபாக் லைட், பை மாட்டும் சேடில் ரேக், கூலி எல்லாம் சேர்த்து 38,500. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். முழுப் பணத்தையும் அவர் சொன்ன நம்பருக்கு ஜிபே செய்தேன். பில் கேட்கவில்லை. கழற்றிய பழைய சாமான்களையும் கேட்கவில்லை.

ஐந்து நாள் கழித்து வண்டி பளபளவென்று வந்தது. முழு லக்கேஜ் கட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்று கோபி, சத்தி, பண்ணாரி வழியாக ஆசனூர் வரை போனேன். ஏறும்போதே முன்பக்கம் ஒரு மாதிரி உதறியது. திரும்பி இறங்கும்போது இருட்டிவிட்டது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் முன் பிரேக் பிடித்தால் ஹேண்டிலில் டக்கென்று ஒரு அடி. பாதி இறக்கத்தில் வயர் கருகும் வாடை வந்தது. அடுத்த நொடி ஃபாக் லைட், ஹெட்லைட் இரண்டும் போய்விட்டன. ஒரு பக்கம் பள்ளம், சுற்றிலும் யானை நடமாடும் காடு. வீட்டில் ஐந்து வயதுப் பெண் இருக்கிறாள், அவள் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பின்னால் தாளவாடியிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், "முன்னால மெதுவாப் போங்க தம்பி, நாங்க வெளிச்சம் காட்டறோம்" என்று பண்ணாரி கோயில் வரை கூடவே வந்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் கோபியில் மச்சானுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வண்டியைப் பிரித்தார். ஃபாக் லைட்டுக்கு ரிலே (பேட்டரியிலிருந்து லைட்டுக்குத் தனியாகக் கரண்ட் விடும் ஸ்விட்ச்) இல்லை, தனி ஃபியூஸ் இல்லை, ஹெட்லைட் வயரிலேயே ஒட்டுப் போட்டு இழுத்திருக்கிறார்கள். சூட்டில் வயர்களை இணைக்கும் கப்ளர் உருகிப் போயிருந்தது. கோன் செட் மாற்றவே இல்லை, பழைய பேரிங்குக்குக் கிரீஸ் மட்டும் வைத்திருக்கிறார்கள். செயின் என்னுடைய பழைய செயினேதான், கழுவி எண்ணெய் போட்டது. டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த நம்பரைப் படிங்க" என்றார். 3118. அதாவது 2018-ஆம் வருடத்தின் 31-வது வாரத்தில் செய்த டயர். பாலிஷ் போட்டுப் புதுசு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். 38,500 ரூபாய்க்கு உருப்படியாக வந்தது ரேக் ஒன்றுதான்.

கடைக்கு போன் செய்தேன். முதலில், "புது வேலைங்ணா, ஓட ஓட செட்டாயிடும்." இரண்டாவது தடவை, "வயரிங் பண்ணின பையன் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் சொல்றேன்." டயர் நம்பரைச் சொன்னதும் குரல் மாறியது. "பில் இருக்குங்களா?" என்றார். துண்டுச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "இது எஸ்டிமேட்டுங்ணா, பில் இல்லை." அதோடு வாட்ஸப்பில் பிளாக். நேற்று சாயங்காலம் நேரிலேயே போனேன். "ஓனர் இல்லீங்" என்றான் ஒரு பையன். உள்ளே அவர் குரல் எனக்குக் கேட்டது.

நண்பர்கள் வியாழக்கிழமை கிளம்புகிறார்கள். நான் போகவில்லை. 38,500 ரூபாய் என் ஒன்றரை மாதச் சம்பளம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கையோடு கேட்டு வாங்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், ஹேண்டில் கழுத்தில் டக் டக் என்றால் கோன் செட் சரியில்லை. கூடுதல் லைட் போட்டால் ரிலேயையும் ஃபியூஸையும் கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்று காலை அதில் புகார் கொடுத்துவிட்டேன்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். சமீபத்தில் டயர் மாற்றியவர்கள் இப்போதே எழுந்து போய் அதைப் பாருங்கள்.