மலையேறும்போது மட்டும் நல்ல ஜாக்கெட்

நான் அணியும் பைக் ஜாக்கெட்டின் விலை இப்போது கணிசமாகக் குறைந்திருப்பதைப் பார்த்த கோவை நண்பர் ஒருவர், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதன் தெர்மல் லைனரின் (குளிருக்காக உள்ளே பொருத்திக் கழற்றும் அடுக்கின்) ஜிப்பைப் புதிதாக மாற்றித் தைத்து வாங்கி வந்த வாரத்திலேயே இக்கேள்வி வந்திருப்பதால், பதிலில் கொஞ்சம் கசப்பு கலந்திருந்தால் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோளிலும் முழங்கையிலும் உள்ள பாதுகாப்புப் பட்டைகள், மழைக்கொரு லைனர், குளிருக்கொரு லைனர் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கின்றன.

குன்னூரில் இருந்துகொண்டு ஒரு நாள் ஊட்டிக்கும் மறுநாள் மேட்டுப்பாளையத்துக்கும் ஓட்டுகிறவனுக்கு, எவ்வளவு குளிர் என்பதைவிட அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே பெரிய சிக்கல். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையமோ 300 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி கூடும் என்ற பொதுக் கணக்கின்படி, சுமார் ஐம்பது கிலோமீட்டர் சாலையில் பன்னிரண்டு டிகிரி மாறிவிடுகிறது. ஜனவரி விடியலில் ஊட்டியை அடுத்த தலைகுந்தாப் பக்கம் புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்திருக்கும்; அதே காலையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வழியிலுள்ள பர்லியாறு தாண்டும்போது முதுகில் வியர்வை வழியும்.

குளிர் தாங்குவதில் இந்த லைனரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஐந்து டிகிரிக் குளிரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், காற்று படும் தோலுக்கு அது உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருப்பதைப் போலத் தோன்றும். நம்மைக் கதகதப்பாக வைப்பது கம்பளியின் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான்; வண்டி ஓட்டும்போது அந்தக் காற்றைக் காக்க வெளியே காற்றுப் புகாத துணி ஒன்று தேவை, அது இல்லாவிட்டால் எவ்வளவு தடித்த ஸ்வெட்டரும் வலை போலாகிவிடும். இந்த ஜாக்கெட் அந்த வேலையைச் செம்மையாகச் செய்கிறது. உள்ளே பருத்திப் பனியனுக்குப் பதிலாக மெல்லிய மெரினோ கம்பளிப் பனியன் அணியத் தொடங்கிய பிறகு, லவ்டேல் பக்கத்து விடியற்காலைக் காற்றுகூட எனக்கு இதமாகத்தான் இருக்கிறது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து, அடுத்த ஏற்றத்தில் நெஞ்சைச் சில்லிட வைக்கும். கம்பளி ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் சூட்டை அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை.

இனி ஜிப்புக்கு வருகிறேன். இந்த லைனர் ஜாக்கெட்டின் உள்விளிம்பு முழுவதும் சுற்றி ஓடும் ஒரே ஜிப்பாலும், இரண்டு மணிக்கட்டுகளிலும் உள்ள அழுத்துப் பொத்தான்களாலும் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பாதி வழியில் அதைக் கழற்ற வேண்டுமானால், கொண்டை ஊசி வளைவுகளுக்கிடையே எங்காவது ஓரம் கட்டி, ஜாக்கெட்டையே முழுதாகக் கழற்றி, இருக்கையின் மேல் விரித்து, ஜிப்பைச் சுற்றி இழுத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிய்க்க வேண்டும். லாரிகளும் பேருந்துகளும் உரசிக்கொண்டு போகும் அந்தச் சாலையில் இதற்கு யாருக்கு மனம் வரும்? கழற்றாமல் இறங்கினாலோ வியர்வையில் நனைந்த என் கை லைனரின் கைப்பகுதியோடு ஒட்டிக்கொண்டு, வீட்டில் கழற்றும்போது அந்தக் கைப்பகுதி உட்புறம் வெளியாகப் புரண்டு வருகிறது. அப்படி இழுத்து இழுத்துத்தான் ஜிப்பின் பல்லும் போனது. மாற்றித் தந்த பை தைக்கும் கடைக்காரர், இவ்வளவு வளைவுள்ள இடத்தில் இவ்வளவு சன்னமான ஜிப்பா என்று கேட்டார். தயாரித்தவர்களும் அதைக் கேட்டிருக்கலாம்.

நியாயமாகப் பார்த்தால் இது மோசமான தயாரிப்பு அல்ல. பெங்களூரில் ஜனவரிக் காலையில் வீட்டில் அணிந்து அலுவலகத்தில் கழற்றுகிறவருக்கு நான் சொல்லும் தொல்லை எதுவும் இருக்காது. பாதுகாப்புப் பட்டைகள் இன்னும் இடம் மாறவில்லை, வெளித்துணி ஓரிடத்திலும் கிழியவில்லை, கதகதப்புக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன்.

ஆனாலும் நண்பரே, வாங்க வேண்டாம். புதிய ஜிப்போடு அந்த லைனர் இப்போது என் பீரோவில் இருக்கிறது. ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் கிடைக்கும், முன்பக்கம் முழுதாகத் திறக்கும் சாதாரண ஸ்வெட்டர் ஒன்றை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன். பர்லியாற்றில் தேநீருக்கு நிறுத்தும்போது அதைக் கழற்றிப் பைக்குள் சுருட்டி வைக்க ஒரு நிமிடம் போதும். லைனரே வராத, சற்றுத் தாராளமான அளவுள்ள ஜாக்கெட்டாகத் தேடுங்கள். கடையில் ஸ்வெட்டரை உள்ளே போட்டு, கைப்பிடியைப் பிடிப்பதைப் போலக் கைகளை நீட்டிப் பாருங்கள். முதுகும் தோளும் இறுகினால் கம்பளி நசுங்கி அதிலுள்ள காற்று வெளியேறிவிடும், அந்த அளவு உங்களுக்கு ஆகாது.