பி.பி.எஃப். ஃபிலிம்: நாமே ஒட்டுவதா, கடையில் கொடுப்பதா?

வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கும் எனக்கு, தேசிய நெடுஞ்சாலை 48 தான் அன்றாட வழி. ரத்தினகிரியைத் தாண்டியதும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகளின் பின்னால் ஓட்டாத நாள் குறைவு. முதல் கார் வாங்கிய ஆறே மாதத்தில் அதன் பானட்டிலும் பம்பரிலுமாகப் பதினொரு கல்லடிப் புள்ளிகளை எண்ணினேன். வெள்ளை வண்டியாக இருந்திருந்தால் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. அடர்நீலம் என்பதால் ஒவ்வொரு புள்ளியும் பத்தடி தொலைவிலிருந்தே கண்ணில் பட்டது. அந்தப் புள்ளிகளில் பெயிண்ட் தொட்டுச் சரிசெய்த கையோடு, பி.பி.எஃப். எனப்படும் ஒளி ஊடுருவும் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிமை வரவழைத்து, முதல் காருக்கு நானே ஒட்டினேன். இரண்டாவது காருக்குக் கடையில் கொடுத்தேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், கடையில் கொடுப்பதே சரி என்பது என் முடிவு. அதற்கு நான் சொல்லும் முதன்மைக் காரணம் பளபளப்போ குமிழியோ அல்ல, ஃபிலிமின் ஓரம்.

ஃபிலிமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல ஃபிலிம் டி.பி.யூ. என்னும் பாலியூரிதேன் வகையைச் சேர்ந்தது. 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், அடிப்பூச்சிலிருந்து மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் வரை எல்லா அடுக்குகளையும் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் என்பதால், ஃபிலிம் பெயிண்டை விடவே தடிமனானது. கல் வந்து மோதும்போது அந்த அடியை ஃபிலிம் வாங்கிக்கொள்கிறது. அதன் மேற்பூச்சில் விழும் மெல்லிய கீறல்கள் சூடு பட்டால் தாமே மறைந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் வேலூர் வெயில் நமக்குத் துணை நிற்கிறது. மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. ஃபிலிம்கள் அதே வெயிலில் மஞ்சள் பூத்து இறுகிவிடும் என்பதால், யார் ஒட்டினாலும் அவற்றைத் தொடவே வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை நாமே ஒட்டுவதுதான் மலிவு; இதில் வாதத்துக்கு இடமில்லை. பானட்டுக்கும் முன்பம்பருக்கும் சேர்த்து ஃபிலிமுக்கு ரூ. 9,500, தண்ணீரை வழிக்கும் ஸ்க்வீஜி, தெளிப்பான், சூடான காற்று வீசும் ஹீட் கன், களிமண் கட்டி ஆகியவற்றுக்கு ரூ. 3,200 என எனக்கு முதல் காருக்குச் செலவானது. இரண்டாவது காருக்குப் பானட், பம்பர், முன்சக்கரங்களுக்கு மேலுள்ள இரண்டு ஃபெண்டர்கள், பக்கக் கண்ணாடிகள் ஆகியவற்றுக்குக் கடையில் ரூ. 38,000 கொடுத்தேன். கடையில் மூடிய பரப்பு கூடுதல் என்றாலும், இடைவெளி பெரிதுதான்.

நாமே ஒட்டும்போது முதலில் எதிர்ப்படுவது தண்ணீர். காரை நன்றாகக் கழுவி, களிமண் கட்டியால் தேய்த்து, பெயிண்டில் பதிந்த இரும்புத் துகளையும் தாரையும் எடுத்த பிறகு, தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு கலந்து பெயிண்டிலும் ஃபிலிமின் பசைப் பக்கத்திலும் தாராளமாகத் தெளிக்க வேண்டும். அந்த வழுக்கலில்தான் ஃபிலிமை நகர்த்தி இடம் பார்த்து உட்கார வைக்க முடியும். எங்கள் தெருவில் வருவது போர் தண்ணீர். ஒரு வாளியை வெயிலில் காயவைத்தால் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். அந்தத் தண்ணீரையே தெளிப்பானில் ஊற்றியது என் முதல் பிழை. ஃபிலிமுக்கு அடியில் சிக்கும் ஈரம் சில நாட்களிலோ வாரங்களிலோ ஃபிலிம் வழியாகவே வெளியேறிவிடும். ஆனால் அதில் கரைந்திருந்த உப்பு வெளியேறாது. மழைக்காலம் முடிவதற்குள் பானட்டின் நடுவில் பால் தெளித்தது போன்ற புள்ளிகள் நிலைத்துவிட்டன. இதைச் செய்ய நினைப்பவர்கள் ஆர்.ஓ. தண்ணீரையோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையோ பயன்படுத்துங்கள்.

அடுத்தது வெயில். ஒட்டும் இடம் தூசியில்லாமல், மூடியதாக, முப்பது டிகிரிக்குள் இருந்தால்தான் பசை நாம் சொல்வதைக் கேட்கும். நான் ஒட்டியது அக்னி நட்சத்திரத்துக்கு முந்தைய வாரம், வீட்டு முன்புறக் கொட்டகையில், காலை ஐந்தரை மணிக்கு. எட்டு மணிக்கெல்லாம் தகடு சூடாகி, தெளித்த தண்ணீர் உலர்ந்து, பசை பட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டது. அப்படிப் பிடித்த ஃபிலிமை இழுத்து எடுத்து மறுபடி வைத்தால், இழுத்த கோடு பசையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பானட்டுக்கு நான்கு மணி நேரம் ஆனது. பம்பருக்கு இரண்டு விடியற்காலைகள் தேவைப்பட்டன. அப்போதும் மூடுபனி விளக்கின் பள்ளத்தில் சுருக்கம் போகவில்லை.

இவ்வளவையும் பொறுமையால் வென்றுவிடலாம். இரண்டாவது முறை ஒட்டினால் முதல் முறையை விட நன்றாக வரும். மூன்றாவது முறை இன்னும் நன்றாக வரும். பொறுமை மட்டும் போதாத இடம் ஓரம்.

ஃபிலிமை ஒரு தகட்டில் இரண்டு விதமாக முடிக்கலாம். தகட்டின் விளிம்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பாகவே நிறுத்திவிடுவது ஒன்று. விளிம்பைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் உள்பக்கமாக மடித்து ஒட்டுவது மற்றொன்று. ஆயத்தமாக வெட்டி வரும் ஃபிலிம்கள் பெரும்பாலும் முதல் வகை. நானும் அதைத்தான் வாங்கினேன், ஏனெனில் பிளேடு எடுக்க வேண்டிய தேவை அதில் இல்லை என்று நினைத்தேன். ஆனால் அந்த ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஃபிலிமின் தடிமன் ஒரு சிறிய படிபோல நிற்கிறது. நெடுஞ்சாலைத் தூசியும், கழுவியபின் காய்ந்த போர் தண்ணீரின் உப்பும், பானட் மெழுகின் மிச்சமும் அந்தப் படியில்தான் தங்கும். மூன்று மாதத்தில் என் பானட்டைச் சுற்றி மாக்கோலத்துக்குக் கோடு போட்டதுபோல் ஒரு வெளிறிய வரி ஓடியது. ஒவ்வொரு வாரமும் மென்மையான பிரஷ்ஷால் அதைத் துடைக்க வேண்டியிருந்தது. துடைக்கத் துடைக்க ஓரம் தளர்ந்தது.

ஓரம் தளர்வதற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஷாம்புத் தண்ணீர் ஓரத்தில் முழுதாக வழிக்கப்படாமல் நின்றால் பசை அங்கே சரியாகப் பிடிக்காது. அந்த இடத்தில் முன்பு போட்ட மெழுகோ பாலிஷோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து எடுக்கப்படாமல் இருந்தாலும் பிடிக்காது. வளைவில் ஃபிலிமை அதிகமாக இழுத்து ஒட்டியிருந்தால், வெயில் பட்டதும் அது தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். சுருங்கும்போது முதலில் எழும்புவது ஓரமே. இழுத்த இடத்தை ஹீட் கன்னால் சூடாக்கி, ஃபிலிமின் இழுவிசையைத் தணித்து அழுத்திவிடுவது இதற்கு மருந்து. எவ்வளவு சூடு என்பது கைக்குத் தெரிய வேண்டிய விஷயம். குறைந்தால் எழும்பும், கூடினால் மேற்பூச்சு கெடும். இருபது வண்டிகளுக்கு ஒட்டிய கைக்கும், ஒரு வண்டிக்கு ஒட்டிய என் கைக்கும் வேறுபாடு இங்கேதான் தெரிந்தது.

சாலையில் ஓடத் தொடங்கிய பின் எழும்பிய ஓரம் திரும்ப ஒட்டாது. அதன் பசையில் தூசி ஏறிவிடும். சூடாக்கி அழுத்தினால் இரண்டு நாள் நிற்கும், பிறகு அடுத்த கழுவலில் இன்னும் ஒரு விரற்கடை சேர்த்துக்கொண்டு எழும்பும். எனக்கும் அப்படித்தான் ஆனது. பானட்டின் இடது மூலையில் எழும்பிய நாக்கை நறுக்கிவிடலாம் என்று கட்டர் பிளேடை எடுத்தேன். புதிய பிளேடு, மெல்லிய அழுத்தம், ஓர் அங்குல நீளம், அவ்வளவே. கிளியர் கோட் என்பது 40, 50 மைக்ரான் தடிமனுள்ள அடுக்கு. அதற்கு நான்கு மடங்கு தடிமனுள்ள ஃபிலிமை முழுதாக வெட்ட வேண்டும், ஆனால் அடியிலுள்ள அடுக்கைத் தொடக் கூடாது என்பதை அனுபவமில்லாத கையிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அன்று நான் எதையும் கவனிக்கவில்லை. நறுக்கிய ஓரம் நேராக இருந்ததில் நிம்மதியாக இருந்தேன்.

கவனித்தது வண்டியை விற்றபோது. பழைய கார் வாங்கும் நிறுவனத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியைப் பானட்டில் வைத்ததும் அளவு 300 மைக்ரானைத் தாண்டியது. "மறுபெயிண்ட் அடிச்சிருக்கீங்களா சார், பட்டி வச்சிருக்கா?" என்று கேட்டார். ஃபிலிம் என்று விளக்கி, நம்பிக்கைக்காக அவர் முன்னாலேயே சூடாக்கி, தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுத்து உரித்தேன். உள்ளே பெயிண்ட் புதிது போல இருந்தது. மதிப்பீட்டாளரும் அதைப் பாராட்டினார். ஆனால் இடது மூலையில், நான் நறுக்கிய அதே இடத்தில், ஓர் அங்குலக் கோடு அடிப்பூச்சையும் தாண்டி இறங்கியிருந்தது. அதன் நடுவில் துருவின் பழுப்புப் புள்ளி ஒன்றும் துளிர்த்திருந்தது. பானட் முழுவதும் மறுபெயிண்ட் ஆகும் என்று கணக்குப் போட்டு ரூ. 12,000 குறைத்துக்கொண்டார். நான் கையால் ஒட்டி மிச்சப்படுத்தியதில் ஒரு பெரும்பகுதி அந்த ஓர் அங்குலத்தில் போயிற்று. கல்லடியிலிருந்து காப்பாற்ற ஒட்டிய ஃபிலிமின் பெயரால் நானே பெயிண்டைக் கிழித்தேன் என்பது பணத்தை விட அதிகமாக வலித்தது.

இரண்டாவது காரைக் கொடுத்த கடை வேலூர் கிரீன் சர்க்கிளிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. முதல் நாள் முழுவதும் கழுவுவதற்கும் களிமண் போடுவதற்குமே எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் கதவை மூடி, தரையை நனைத்து, ஏ.சி. போட்ட அறையில் இரண்டு பேர் சேர்ந்து ஒட்டினார்கள். என்னைக் கவர்ந்தது ஒட்டிய வேகமல்ல. பம்பரைத் தொடும் முன் அந்தத் தம்பி கேட்ட கேள்வி. "சார், இந்த ஓரத்தை உள்ளே மடிச்சிடலாம், ஆனா முகப்பு விளக்கைக் கழட்டணும். கழட்டட்டுமா?" என்றார். கணினியில் பதிந்த அளவுக்குச் சில மில்லிமீட்டர் கூட்டி இயந்திரத்தில் வெட்டிய ஃபிலிமை, விளக்கையும் சின்னங்களையும் எடுத்துவிட்டு, விளிம்பைத் தாண்டி உள்ளே மடித்தார்கள். வண்டியின் மேல் பிளேடு படவே இல்லை. ஒட்டி முடித்த பின் ஒவ்வொரு மடிப்பையும் சூடாக்கி அழுத்தி, இரவு முழுவதும் கடையிலேயே நிறுத்தி, மறுநாள் எழும்பியிருந்த இரண்டு இடங்களைத் திருத்திய பிறகே சாவியைக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழுவ வேண்டாம் என்றும், அதன் பிறகும் அழுத்தத் தண்ணீரை ஓரத்துக்கு நேராகப் பாய்ச்ச வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

எல்லாக் கடைகளும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நான் முதலில் விசாரித்த வேறொரு கடையில், ரோலைப் பானட்டின் மேல் விரித்து, வண்டியிலேயே வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே திரும்பிவிட்டேன். ஆகவே கடைக்குப் போனால் ஃபிலிமின் பிராண்டையும் உத்தரவாத ஆண்டுகளையும் கேட்பதற்கு முன், எந்தெந்த ஓரத்தை மடிப்பீர்கள், எதை மடிக்காமல் நிறுத்துவீர்கள், எங்கே பிளேடு வைப்பீர்கள் என்று கேளுங்கள். உத்தரவாதம் மஞ்சளாவதற்கும் வெடிப்புக்கும் மட்டுமா, ஓரம் எழும்புவதற்கும் உண்டா என்பதை எழுத்தில் பாருங்கள். ஏற்கெனவே பட்டறையில் மறுபெயிண்ட் அடித்த தகடு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; தொழிற்சாலைப் பெயிண்ட் அளவுக்கு அது பிடித்திருக்காது, பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரக்கூடும்.

நாமே ஒட்டுவதை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. கதவுக் கைப்பிடியின் குழிவு, டிக்கியில் சாமான் ஏற்றும் விளிம்பு, கதவின் கீழ்ப்படி ஆகிய மூன்றும் சிறியவை, பிளேடு தேவையில்லாதவை. நகக்கீறலும் பைகள் உரசுவதும்தான் அங்கே பிரச்சினை. ஓரம் எழும்பினால் உரித்துப் போட்டுவிட்டு வேறொன்றை ஒட்ட நூறு, இருநூறு ரூபாய்தான். இரண்டாவது காரிலும் இவற்றை நான்தான் ஒட்டினேன், ஆர்.ஓ. தண்ணீரில், மார்கழிக் காலையில். நன்றாகவே நிற்கின்றன.

கடையில் ஒட்டியது இரண்டு கோடைகளையும் இரண்டு மழைக்காலங்களையும்தான் பார்த்திருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் அதன் மடிப்புகள் எப்படியிருக்கும் என்பதற்கு இந்த அனுபவம் சான்றாகாது. இதுவரை பம்பரின் அடிப்பகுதியில், வேகத்தடை உரசிய ஓரிடத்தில் மட்டும் ஓரம் எழும்பியது. பிளேடை எடுக்காமல் வண்டியைக் கடைக்கே ஓட்டிப் போனேன். அந்தத் துண்டை மட்டும் உரித்து மாற்றி ரூ. 1,500 வாங்கிக்கொண்டார்கள்.