தவளை தந்த களிம்பா, ஆஃப்லாக்சசின் மாத்திரையா?

1980-களில் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அறுவை செய்து தையல் போட்ட ஆப்பிரிக்கத் தவளைகள், கிருமி நிறைந்த தொட்டித் தண்ணீரிலேயே சீழ் பிடிக்காமல் ஆறின. காரணம், தோலில் சுரக்கும் மகாயினின் என்ற 23 அமினோ அமிலச் சங்கிலி, அதாவது ஒரு பெப்டைடு. அதைத் திருத்தி உருவாக்கியதுதான் பெக்சிகானன் களிம்பு. நீரிழிவுக்காரர்களின் கால் புண்ணில் அதை ஆஃப்லாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையோடு மோதவிட்டார்கள்.

ஆஃப்லாக்சசின் பாக்டீரியாவுக்குள் நுழைந்து, டிஎன்ஏவின் முறுக்கைக் கையாளும் நொதியைப் பிடித்து நிறுத்தும். அந்த நொதிக்கான மரபணுவில் ஓரிரு எழுத்து மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடும். பெப்டைடு உள்ளே போக வேண்டியதே இல்லை. நேர்மின்னூட்டம் கொண்ட அது, எதிர்மின்னூட்டம் கொண்ட பாக்டீரியாச் சவ்வில் ஒட்டி ஓட்டை போடும். சவ்வையே மாற்றியமைப்பது கிருமிக்குக் கஷ்டம். முடியாதது என்று சொல்ல மாட்டேன்: கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஒரு பெப்டைடுதான், அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு சீனாவில் கிடைத்ததாக 2015-இல் செய்தி வந்ததே.

மாத்திரை மலிவு, விழுங்கினால் உடம்பெல்லாம் போய்ச் சேரும். பெப்டைடை விழுங்கினால் வயிறு அதைப் பருப்புப் புரதம் மாதிரி செரித்துவிடும். அதனால்தான் களிம்பு.

சரி, முடிவு? ஏறக்குறைய சமம். மாத்திரை எடுத்தவர்கள் சிலரின் கிருமிகளிடம் மருந்தை எதிர்க்கும் திறன் தலைகாட்டியது, களிம்பில் அப்படிப் பெரிதாக இல்லை. இருந்தும் 1999-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்தது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் 2016-இல் வெளியான புதிய சோதனைகளில் களிம்பு தோற்றது.